எழுதியதை மட்டும் காப்பாற்றும் இயந்திரம்

ஏதோ ஒரு தரவு மையத்தில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், ஒரு சர்வர் நின்றுபோகிறது. மின்வழங்கி எரிந்திருக்கலாம், நினைவகம் பழுதாகியிருக்கலாம். அதில் ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் அத்தனையும் அதோடு போய்விட்டன. முன்பெல்லாம் அந்நேரத்தில் ஒரு பொறியாளரின் தொலைபேசி அடிக்கும். அவர் எழுந்து, வேறொரு சர்வரைத் தேடிப்பிடித்து, ஒவ்வொரு நிரலையும் புதிதாக நிறுவி, பழைய அமைப்புகளை ஞாபகத்திலிருந்தும் குறிப்பேட்டிலிருந்தும் மீட்டெடுப்பார். இன்று அந்த சர்வர்களைக் குபர்நெட்டிஸ் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது என்றால், பெரும்பாலும் யாரும் எழவேண்டியதில்லை. ஒவ்வொரு சர்வரும் சில நொடிகளுக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சேதி அனுப்பிக்கொண்டிருக்கும். முக்கால் நிமிடம்போல அந்தச் சேதி வராவிட்டால் சர்வர்மீது சந்தேகம் விழும். வேறு விதமாகச் சொல்லி வைக்காதவரை, அதன்பின் ஐந்து நிமிடக் காத்திருப்பு. அப்போதும் பதில் இல்லையென்றால், அதிலிருந்தவை இழப்புக் கணக்கில் எழுதப்பட்டு, மாற்றுப் பிரதிகள் வேறு சர்வர்களில் ஓடத் தொடங்கும்.

ஐந்து நிமிடம் ஏன்? தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குச் செத்த சர்வரும், வலைப்பின்னல் அறுபட்ட சர்வரும் ஒன்றுபோலத்தான் தெரியும். சேதி வரவில்லை என்பது மட்டுமே கையிலுள்ள தகவல். இடையிலுள்ள ஒரு கருவி சற்றுநேரம் தடுமாறியதற்காக நூற்றுக்கணக்கான நிரல்களை இடம் மாற்றினால், அந்த இடமாற்றமே அடுத்த நெருக்கடியைக் கொண்டுவந்துவிடும். எவ்வளவு பொறுக்கலாம் என்பதற்குச் சரியான விடை கிடையாது. யாரோ யோசித்து ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மேகக் கணினிகளில் நாம் தினமும் நம்பியிருக்கும் பல விஷயங்கள் இப்படி எழுதிவைக்கப்பட்ட எண்களின்மேலும் சொற்களின்மேலும்தான் நிற்கின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

குபர்நெட்டிஸ் நிரல்களைக் கன்டெய்னர்களாகத்தான் ஓட்டுகிறது. முதலில் கன்டெய்னர் என்பது என்ன? லினக்ஸின் மையமான கெர்னலைத் திறந்து தேடினால் கன்டெய்னர் என்று தனியாக ஒரு பொருள் அகப்படாது. இருப்பது வழக்கமான ஒரு நிரல்தான். அதன் பார்வையையும் அதன் பசியையும் கெர்னல் கட்டுப்படுத்தியிருக்கிறது. பார்வையைக் கட்டுப்படுத்துவது நேம்ஸ்பேஸ். அதற்குள் வைக்கப்பட்ட நிரலுக்குத் தன் கோப்புகள், தன் வலைமுகவரி, தன்னோடு பிறந்த நிரல்கள் மட்டுமே தெரியும். உள்ளிருந்து பார்த்தால் அதன் அடையாள எண் 1. முழுக் கணினிக்கும் முதல்வனாகத் தன்னைக் காணும். வெளியிலிருந்து பார்த்தால் அதே நிரலுக்கு 48,213 என்பதுபோல ஓர் எண் இருக்கும். இரண்டுமே உண்மையான எண்கள். பசியைக் கட்டுப்படுத்துவது சி-குரூப். இந்த நிரலுக்கு இவ்வளவு நினைவகம், இவ்வளவு செயலி நேரம், அதற்குமேல் இல்லை என்று அது வரம்பு கட்டுகிறது.

இவை ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒரு நிரலுக்குக் கோப்பு மரத்தின் ஒரு கிளையை மட்டும் முழு மரமாகக் காட்டும் ‘சிஹெச்ரூட்’ என்ற வசதி 1979-லேயே யூனிக்ஸில் வந்துவிட்டது. லினக்ஸில் முதல் நேம்ஸ்பேஸ் 2002-ல் வந்தது. சி-குரூப்பைக் கூகுளின் பொறியாளர்கள் பால் மெனேஜும் ரோகித் சேத்தும் 2006-ல் எழுதத் தொடங்கினார்கள். 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24-ல் அது சேர்ந்தது. கூகுள் அப்போதே தன் தேடலையும் மின்னஞ்சலையும் ஒரே சர்வர் கூட்டத்தில் கலந்து ஓட்டிக்கொண்டிருந்த நிறுவனம். ஒரு நிரல் பக்கத்து நிரலின் பங்கைத் தின்றுவிடாமல் காப்பது அவர்களுக்கு அன்றாடத் தேவையாக இருந்தது.

மெய்நிகர் கணினிக்கும் கன்டெய்னருக்கும் உள்ள வேறுபாடு இங்கிருந்துதான் வருகிறது. மெய்நிகர் கணினி தனக்கென்று ஒரு முழு இயங்குதளத்தைச் சுமந்துவரும். அது விழித்தெழவே நேரம் பிடிக்கும். கன்டெய்னருக்குச் சொந்தக் கெர்னல் இல்லை. எல்லாக் கன்டெய்னர்களும் அடியிலுள்ள ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு சாதாரண நிரல் தொடங்கும் வேகத்தில், பெரும்பாலும் ஒரு நொடிக்குள், அது தொடங்கிவிடும். வேகத்துக்குக் கொடுக்கும் விலை பாதுகாப்பு. பகிரப்பட்ட கெர்னலில் ஓட்டை விழுந்தால் சுவருக்கு அப்பால் இருப்பவர்களும் ஆபத்தில் மாட்டுவார்கள். அதனால்தான் மேகச் சேவை நிறுவனங்கள் பொதுவாக வெவ்வேறு வாடிக்கையாளர்களின் கன்டெய்னர்களை வெற்றுச் சர்வரில் அருகருகே வைப்பதில்லை. இடையில் மெய்நிகர் கணினியின் தடித்த சுவர் ஒன்றை எழுப்புகிறார்கள். அமேசான் இதற்கென்றே ஃபயர்கிராக்கர் என்ற மிக மெலிந்த மெய்நிகர் கணினியை உருவாக்கி, 2018-ல் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது.

நேம்ஸ்பேஸ் எல்லாவற்றையும் மறைப்பதில்லை என்பதைப் பலர் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். ஜாவாவின் பழைய பதிப்புகள் தொடங்கும்போதே கணினியில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று பார்த்து, அதில் ஒரு பங்கைத் தமக்கு ஒதுக்கிக்கொள்ளும். கன்டெய்னருக்குள் அப்படிப் பார்த்தால் அடியிலுள்ள சர்வரின் முழு நினைவகமும் தெரியும்: 64 ஜிபி. கன்டெய்னருக்குக் கொடுத்த வரம்போ 2 ஜிபி. ஜாவா 16 ஜிபி வரை வளரலாம் என்று தைரியமாக வளரும். 2 ஜிபியைத் தொட்டதும் கெர்னல் அதைக் கொன்றுவிடும். பதிவேட்டில் மிஞ்சுவது 137 என்ற எண் மட்டும். 128-ஐயும், கொல்லும் சமிக்ஞையின் எண்ணான 9-ஐயும் கூட்டினால் வருவது அது. 2018-ல் வந்த ஜாவா 10 முதல் இது சரிசெய்யப்பட்டது. பழைய 8-ஆம் பதிப்புக்கும் பிறகு திருத்தம் வந்தது. நினைவக வரம்பை மீறினால் மரணம். செயலி வரம்பை மீறினால் மரணமில்லை, நிறுத்திவைப்பு. வழக்கமான அமைப்பில் 100 மில்லி நொடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கப்படும். ஒதுக்கிய பங்கு தீர்ந்தவுடன் மீதி நேரம் நிரல் அசையாமல் நிற்கும். ‘செயலியில் இடம் இருக்கிறதே, ஏன் மெதுவாக ஓடுகிறது?’ என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.

நேம்ஸ்பேஸும் சி-குரூப்பும் 2008 வாக்கிலேயே பெருமளவு தயாராகிவிட்டன. ஆனாலும் உலகம் கன்டெய்னரின் பக்கம் திரும்ப 2013 மார்ச் வரை ஆனது. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில், டாட்கிளவுட் என்ற சிறு நிறுவனத்தின் சாலமன் ஹைக்ஸ் மேடையேறி, ஐந்து நிமிடக் குறும்பேச்சில் டாக்கரை அறிமுகப்படுத்தினார். தனிமைப்படுத்தும் நுட்பம் எதையும் டாக்கர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அது கொண்டுவந்தது இமேஜ் என்ற பொட்டலம். நிரல், அதற்குத் தேவையான நூலகங்கள், அமைப்புக் கோப்புகள் எல்லாம் அடுக்கடுக்காக ஒரே கட்டுக்குள். அடித்தள அடுக்கு பத்து நிரல்களுக்குப் பொதுவாக இருந்தால் அதை ஒருமுறை இறக்கினால் போதும். மாறிய மேலடுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் வரும்.

இதில் எனக்கு மிகப் பிடித்த அம்சம் ஒன்றுண்டு. ஒவ்வோர் அடுக்குக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே பெயர் கணக்கிடப்படுகிறது, எஸ்ஹெச்ஏ-256 என்ற சுருக்கக் கணிதத்தின் மூலம். உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினாலும் பெயர் முற்றிலும் மாறிவிடும். ஆகவே சென்னையில் சோதித்த இமேஜும் மும்பையில் ஓடும் இமேஜும் ஒன்றுதானா என்ற கேள்விக்கு, பெயரை ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும். ‘என் கணினியில் சரியாகத்தானே ஓடியது’ என்ற நெடுநாள் வழக்கு பெருமளவு தீர்ந்தது இதனால்தான். ஆனால் மனிதர்கள் வசதிக்காக ‘லேட்டஸ்ட்’ என்பதுபோல ஒரு சீட்டையும் ஒட்டுகிறார்கள். சீட்டை யாரும் எப்போது வேண்டுமானாலும் கழற்றி வேறொன்றின்மேல் ஒட்டலாம். உண்மையான சேவையில் ‘லேட்டஸ்ட்’ சீட்டை நம்பி இமேஜை இறக்குவது கூடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நேற்று ஓடியது எது என்பதே தெரியாமல் போய்விடும்.

ஒரு கன்டெய்னரை ஓட்டுவது எளிது. ஐந்நூறு சர்வர்களில் ஐயாயிரம் கன்டெய்னர்கள் என்று வரும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. எது எங்கே ஓடும், செத்தால் யார் எழுப்புவது, ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கும்? கூகுள் இதற்குள் போர்க் என்ற சொந்த மேலாளரைப் பல ஆண்டுகள் ஓட்டிப் பழகியிருந்தது. வாரத்துக்கு 200 கோடிக்கும் மேற்பட்ட கன்டெய்னர்களைத் தொடங்குகிறோம் என்று 2014-ல் கூகுளின் ஜோ பீடா பொதுமேடையில் சொன்னார். அவரும் பிரெண்டன் பர்ன்ஸ், கிரெய்க் மெக்லக்கி ஆகியோரும் போர்க்கின் அனுபவத்தைக் கொண்டு தொடங்கியதுதான் குபர்நெட்டிஸ். 2014 ஜூனில் அது வெளியுலகுக்கு வந்தது. 2015 ஜூலையில் 1.0 பதிப்பு வெளியானபோது, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அமைந்த ஒரு பொது அமைப்பிடம் கூகுள் அதை ஒப்படைத்தது.

குபர்நெட்டிஸிடம் ‘மூன்று பிரதிகளைத் தொடங்கு’ என்று கட்டளையிடுவதில்லை. ‘மூன்று பிரதிகள் இருக்கவேண்டும்’ என்று எழுதிக் கொடுக்கிறோம். கட்டளை ஒருமுறை நிறைவேறியதும் முடிந்துவிடும். எழுதிய விருப்பம் முடிவதே இல்லை. அந்தக் கோப்பு ஏபிஐ சர்வர் என்ற வாசலுக்குப் போய், எட்சிடி என்ற பேரேட்டில் பதிவாகிறது. பேரேடு ஒரே கணினியில் இருந்தால் அது சாகும்போது எல்லாம் போய்விடும் என்பதால், வழக்கமாக மூன்று அல்லது ஐந்து கணினிகளில் பிரதிகள் வைத்து, பெரும்பான்மை ஒப்புக்கொண்டால்தான் எதையும் எழுதியதாகக் கொள்கிறார்கள். இனி நடப்பதைக் கவனியுங்கள். பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கட்டுப்பாட்டு நிரல் ‘மூன்று வேண்டும்’ என்ற வரியைக் காண்கிறது, இருப்பது பூஜ்யம், மூன்று வெற்றுப் பதிவுகளை எழுதுகிறது. இடம் ஒதுக்கும் நிரல், சர்வர் பெயர் குறிக்கப்படாத பதிவுகளை மட்டும் தேடி, ஒவ்வொன்றிலும் பொருத்தமான சர்வரின் பெயரை எழுதுகிறது. ஒவ்வொரு சர்வரிலும் குடியிருக்கும் கியூப்லெட் என்ற நிரல், தன் சர்வரின் பெயர் எழுதிய பதிவைக் கண்டதும் கன்டெய்னரைத் தொடங்குகிறது. இவர்களில் யாரும் யாருக்கும் ஆணையிடவில்லை. எல்லாரும் பேரேட்டைப் படிக்கிறார்கள், தம் பங்கை எழுதுகிறார்கள், மறுபடியும் படிக்கிறார்கள்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வும் இப்படித்தான் வேலைசெய்கிறது. தண்ணீர் ஏன் குறைந்தது என்று அது கேட்பதில்லை. குளித்தார்களா, குழாய் ஒழுகியதா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லாத சங்கதி. மட்டம் இறங்கினால் திறக்கும், ஏறினால் மூடும். குபர்நெட்டிஸின் எந்தப் பகுதியும் நடந்த சம்பவங்களை நினைவில் வைத்து இயங்குவதில்லை. இப்போதைய மட்டத்தைப் பார்த்து இயங்குகிறது. அதனால் ஒரு கட்டுப்பாட்டு நிரலே இடையில் செத்து, பத்து நிமிடம் கழித்துப் பிறந்தாலும், தவறவிட்ட செய்திகளைப் பற்றிக் கவலைப்படாமல் பேரேட்டைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடரும். கணினி அறிவியலில் நான் கண்ட அழகான வடிவமைப்புகளில் இதற்கு முன்வரிசையில் இடம் உண்டு.

புதிய பதிப்பை ஏற்றுவதும் இதே முறைதான். இமேஜின் பெயரைக் கோப்பில் மாற்றினால் போதும். பழைய பிரதிகள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, புதியவை ஏறும். சும்மா விட்டால் ஒரே நேரத்தில் கால்பங்குக்குமேல் குறையவும் விடாது, கால்பங்குக்குமேல் கூடவும் விடாது. புதிய பிரதி ‘தயார்’ என்று சோதனைக்குப் பதில் சொன்ன பிறகே அதற்கு வாடிக்கையாளர் கோரிக்கைகள் அனுப்பப்படும். பழையதற்கு ‘முடித்துக்கொள்’ என்று சமிக்ஞை போகும். 30 நொடிக்குள் முடிக்காவிட்டால் வலிந்து நிறுத்தப்படும். இங்கே நுணுக்கமான பொறி ஒன்று இருக்கிறது. ‘முடித்துக்கொள்’ என்று சொல்வதும், ‘இனி அந்தப் பிரதிக்குக் கோரிக்கை அனுப்பாதே’ என்று மற்றவர்களுக்குச் சொல்வதும் ஒரே நேரத்தில், தனித்தனியாக நடக்கின்றன. இரண்டாவது செய்தி சற்றுத் தாமதித்தால், கடையை மூடியவனிடம் வாடிக்கையாளர் வந்து நிற்பார். அதனால் அனுபவப்பட்ட குழுக்கள், நிற்கச் சொன்னதும் சில நொடி சும்மா காத்திருந்துவிட்டுப் பிறகு மூடும்படி நிரலை அமைக்கிறார்கள்.

இன்னொரு பொறி, உயிர்ச்சோதனை. நிரல் உறைந்துபோனால் கொன்று மறுபடி தொடங்குவதற்கான ஏற்பாடு அது. பலர் அதற்குள் ‘டேட்டாபேஸ் பதில் சொல்கிறதா’ என்ற கேள்வியையும் சேர்த்துவிடுகிறார்கள். ஒருநாள் டேட்டாபேஸ் மெதுவாகும். எல்லாப் பிரதிகளும் சோதனையில் தோற்று, எல்லாம் ஒரே நேரத்தில் கொல்லப்பட்டு, எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து அதே டேட்டாபேஸைத் தாக்கும். உயிர்ச்சோதனை தன்னைப் பற்றி மட்டும்தான் கேட்கவேண்டும். பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்கவே கூடாது.

கூட்டத்துக்கு ஏற்ப வளர்வது எளிய கணக்கு. நான்கு பிரதிகள், செயலிச் சுமை 90 விழுக்காடு, நாம் விரும்புவது 60 என்றால், நான்கை 90 ஆல் பெருக்கி 60 ஆல் வகுக்க ஆறு பிரதிகள். இந்த வளர்ச்சி எதுவரை தாங்கும் என்பதைப் பலர் கண்ணாரக் கண்டது 2016 ஜூலையில். போகிமான் கோ விளையாட்டு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வெளியான கால்மணி நேரத்துக்குள் கணிப்புகள் உடைந்தன. கடைசியில் வந்த போக்குவரத்து, முதலில் இலக்கு வைத்ததைப்போல 50 மடங்கு. மிக மோசமாகப் போனால் இவ்வளவு என்று கணித்ததைவிடவும் பல மடங்கு. கூகுளின் குபர்நெட்டிஸ் சேவையில்தான் அது ஓடியது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே குபர்நெட்டிஸின் பதிப்பை உயர்த்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்வர்களைக் கூடுதலாகச் சேர்த்து, ஜப்பானில் வெளியாகும் நாளுக்குத் தயாரானார்கள். அங்கே சிக்கல் எதுவும் வரவில்லை.

ஒரு சிறு கடையின் இணையதளத்துக்கு இதெல்லாம் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஒரு சர்வரும் ஒழுங்கான காப்புப்பிரதியும் போதுமான இடத்தில் குபர்நெட்டிஸை நுழைப்பது, பராமரிக்க இன்னொரு பெரிய இயந்திரத்தை விலைக்கு வாங்குவதாகும். அதைப் பராமரிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ரெட்டிட் தளம் வெளிப்படையாக எழுதிய விபத்து அறிக்கையைவிடச் சிறந்த பாடம் இல்லை.

2023 மார்ச் 14. ரெட்டிட்டின் பழைய, பெரிய கிளஸ்டர் ஒன்றை, அதாவது குபர்நெட்டிஸ் பார்த்துக்கொள்ளும் சர்வர் கூட்டம் ஒன்றைக் குபர்நெட்டிஸ் 1.23-லிருந்து 1.24-க்கு உயர்த்தினார்கள். சில நிமிடங்களில் தளமே நின்றது. மீள 314 நிமிடங்கள் ஆயின. காரணம் ஒரு சொல். நிர்வாகப் பணிசெய்யும் சர்வர்களுக்குக் குபர்நெட்டிஸ் நெடுங்காலமாக ‘மாஸ்டர்’ என்ற அடையாளச் சீட்டை ஒட்டிவந்தது. அடிமை முறையை நினைவூட்டும் அந்தச் சொல்லை விலக்க முடிவுசெய்து, ‘கன்ட்ரோல் பிளேன்’ என்ற சீட்டைக் கொண்டுவந்தது, 1.24-ல் பழைய சீட்டு நீங்கியது. ரெட்டிட்டில் சர்வர்களுக்கிடையே வழிகளை அறிவிக்கும் காலிகோ என்ற மென்பொருளில், ‘மாஸ்டர் சீட்டு உள்ள சர்வர்களே வழி அறிவிப்பாளர்கள்’ என்று பல ஆண்டுகளுக்குமுன் யாரோ கையால் எழுதிவைத்திருந்தார்கள். அந்த வரி, மற்ற அமைப்புகள் சேமிக்கப்பட்ட மூலநிரல் கிடங்கில் இல்லை. அதை அறிந்தவர்கள் வேறு பணிகளுக்கோ வேறு நிறுவனங்களுக்கோ போய்விட்டிருந்தார்கள். உயர்த்தியதும் அந்தச் சீட்டுள்ள சர்வர் ஒன்றுகூட இல்லை. அறிவிப்பாளர்கள் பூஜ்யம், வழிகள் மறைந்தன. கன்டெய்னர்கள் எல்லாம் உயிரோடு இருந்தும் ஒன்றோடொன்று பேச முடியவில்லை.

இதில் எந்தப் பகுதியும் பிழை செய்யவில்லை என்பதுதான் என்னை உலுக்குகிறது. எழுதியபடியே நடந்தது. ‘இந்தச் சீட்டுள்ளவர்கள்’ என்ற தேடலுக்கு யாருமே கிடைக்காதபோது அது குபர்நெட்டிஸ் உலகில் பிழை ஆகாது. அதுவும் செல்லுபடியான ஒரு விடை. எழுதியவரின் மனதில் ‘குறைந்தது மூன்று பேராவது இருப்பார்கள்’ என்ற எண்ணம் இருந்திருக்கும். அந்த எண்ணம் பேரேட்டில் இல்லை. குபர்நெட்டிஸில் பதிப்பைப் பின்னோக்கிக் கொண்டுபோக ஆதரிக்கப்பட்ட வழியும் அப்போது இல்லை. ஆகவே பழைய காப்புப்பிரதியிலிருந்து கிளஸ்டரை மீட்டெடுத்தார்கள், அதுவும் வேறு அமைப்புக்காக எழுதிய மீட்புக் குறிப்புகளை அங்கேயே திருத்திக்கொண்டு. சொல்தான் காரணம் என்பது தளம் மீண்ட பிறகே தெரியவந்தது.

அடுத்த ஆண்டு டிசம்பர் 11-ல் ஓபன்ஏஐ நிறுவனத்துக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். கிளஸ்டர்களைக் கண்காணிக்க ஒரு புதிய கருவியை ஏற்றினார்கள். அது ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஏபிஐ சர்வரிடம் கனமான கேள்விகளைக் கேட்டது. கிளஸ்டர் பெரிதாகப் பெரிதாகக் கேள்வியின் சுமையும் ஏறியது. சிறிய சோதனைக் கிளஸ்டரில் எதுவும் தெரியவில்லை. பெரியவற்றில் ஏபிஐ சர்வர்கள் மூழ்கின. ஏபிஐ சர்வர் விழுந்தாலும் ஓடும் கன்டெய்னர்கள் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், அதுதான் வடிவமைப்பு. ஆனால் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க உதவும் டிஎன்எஸ் சேவை அந்த ஏபிஐ சர்வரைச் சார்ந்திருந்தது. டிஎன்எஸ் விடைகள் சிறிதுநேரம் தற்காலிக நினைவில் தங்கியிருந்ததால் பாதிப்பு உடனே தெரியவில்லை. அந்த இடைவெளியில் கருவி எல்லாக் கிளஸ்டர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நினைவிலிருந்த விடைகள் காலாவதியானதும் சாட்ஜிபிடி உள்ளிட்ட சேவைகள் வரிசையாக விழுந்தன.

பிழை எதுவென்று சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கருவியை நீக்க வேண்டுமானால் அந்த விருப்பத்தை ஏபிஐ சர்வரிடம்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். அதுவோ மூழ்கிக் கிடந்தது. பொறியாளர்கள் மூன்று வேலைகளை ஒருசேரச் செய்தார்கள்: கிளஸ்டரின் அளவைக் குறைத்தார்கள், ஏபிஐ சர்வருக்கு வரும் கோரிக்கைகளை வலைப்பின்னலிலேயே தடுத்தார்கள், ஏபிஐ சர்வர்களுக்குக் கூடுதல் வலு கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே நுழைந்து அந்த ஒரு பதிவை அழிக்க முடிந்தது. பசிபிக் நேரப்படி பிற்பகல் 3:16-க்குத் தொடங்கியது இரவு 7:38-க்கு முழுமையாக முடிந்தது. பின்னர் வெளியிட்ட அறிக்கையில் அவர்கள் அறிவித்த மாற்றங்களில் இரண்டு: எந்தச் சுமையிலும் பொறியாளர்கள் ஏபிஐ சர்வரை அடைவதற்குத் தனியாக ஓர் அவசர வழி, டிஎன்எஸ் போன்றவற்றை ஏபிஐ சர்வரின் பிடியிலிருந்து விடுவிப்பது.